டி.எச். ரோட்டில் உலகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மதராஸுக்குக் கப்பலில் வந்தவர்களில் அநேகமாக யாரும் நனையாமல் கரையேறியதில்லை. துறைமுகம் கிடையாது. கப்பல் வெகுதூரம் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து மசூலாப் படகில் ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக எழும் அலைவரிசையைத் தாண்டி, கடைசியில் ஒரு படகோட்டியின் தோளைப் பற்றிக்கொண்டுதான் மணலில் கால் வைக்க முடியும். அந்தப் படகில் ஓர் ஆணிகூட இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் படகு நெளிந்து கொடுக்கும், உடையாது.

1810-ல் மதராஸ் வந்த மரியா கிரஹாம் என்ற ஆங்கிலப் பெண்மணி, இந்தப் படகுகளைப் பற்றியும் கட்டுமரக்காரர்களைப் பற்றியும் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். கடிதங்களை நீர் புகாத ஓலைத் தொப்பிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு அலையைக் கிழித்துக் கப்பலுக்கு வருவார்களாம். அவருக்கு முன்னும் பின்னும் வந்த பலர் அதையே வியந்து எழுதினார்கள். படகோட்டிகள் உடுத்தியது, பாடியது, கூலிக்குப் பேரம் பேசியது எல்லாம் அந்த நூல்களில் இருக்கிறது.

ஆனால் கரையில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? ஆங்கிலேயர், போர்ச்சுக்கீசியர், ஆர்மீனியர், அரபிகள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் என்று அத்தனை பேரையும் தோள்கொடுத்து இறக்கியவர்கள் அவர்கள். யார் எப்படிக் கும்பிடுவார்கள், யார் எதைச் சாப்பிட மாட்டார்கள், யாருக்குக் கடலைக் கண்டால் பயம் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் பயணக் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் இந்தக் கடற்கரைப் பட்டியை இப்படித்தான் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு வட சென்னை என்றால் சினிமாவில் பார்த்த அரிவாளும், ஆலைப் புகையும், கண்டெய்னர் லாரி வரிசையும்தான். அது பெரிய அநியாயம். பிற நாட்டார் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் விமானம் ஏறுகிறார்கள். இங்கே இருப்பவர்களுக்கு அந்தப் பாடம் பக்கத்துத் தெருவில் கிடைத்தது.

ராயபுரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. தூண்கள் வைத்த அந்த நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பழைய நிலையங்களில் இன்றும் எஞ்சி நிற்பவற்றில் இந்தியாவிலேயே மூத்தது என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் கடலில் வந்தவர் ரயில் ஏற வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும். பக்கத்திலேயே படகோட்டிச் சமூகத்தார் தங்கள் உழைப்பில் சேர்த்த பணத்தைக் கொண்டு எழுப்பிய புனித ராயப்பர் ஆலயம். கப்பல்காரர்களைச் சுமந்த அதே மக்கள், வந்தவர்களின் சமயம் ஒன்றைத் தங்களுடையதாக்கிக்கொண்டு, கோபுரமும் தேரும் கொடியேற்றமுமாகத் தங்கள் வழக்கப்படி அதைக் கொண்டாடுகிறார்கள்.

அங்கிருந்து சற்று நடந்தால் அரத்தூன் சாலை. பெயர் ஆர்மீனியருடையது, தெருவில் இருப்பதோ பார்சிகளின் அக்னி ஆலயம். தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். பார்சிகள் மதராஸில் குடியேறத் தொடங்கியது 1795 வாக்கில். நூறாண்டுக்கு மேல் அவர்களுக்கு இங்கே முறையான ஆலயம் இல்லை. பிரோஜ் கிளப்வாலா என்ற வணிகரின் மகன் ஜால் 1906-ல், பதின்மூன்று வயதில் இறந்துபோனான். அந்தப் பிள்ளையின் நினைவாகத் தந்தை கட்டிய ஆலயம் 1910-ல் திறக்கப்பட்டது. அன்று ஏற்றிய நெருப்பை இன்றுவரை அணையாமல் காக்கிறார்கள். ஒரு நாளை ஐந்து பொழுதாகப் பிரித்து, பொழுதுக்கொரு முறை சந்தனக்கட்டை இட்டு வழிபடுவது அவர்கள் மரபு. உள்ளே போகும் முன் முகமும் கைகால்களும் கழுவி, தலையை மூடி, இடையில் கட்டிய புனிதக் கயிற்றை அவிழ்த்து மந்திரம் சொல்லி மறுபடி கட்டிக்கொள்கிறார்கள்.

இதைக் கேட்கிற தமிழருக்கு இதில் எதுவும் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. கால் கழுவிக் கோயிலுக்குள் நுழைவதும், விளக்கை அணைய விடாமல் காப்பதும், பூணூல் மாற்றுவதும் நமக்குத் தெரிந்தவைதான். மும்பை என்றால் இறந்தவரை அமைதிக் கோபுரத்தில் கழுகுகளுக்கு விடுவது பார்சிகளின் பழைய மரபு. சென்னையில் அப்படியொரு கோபுரம் இல்லை. இங்கே மண்ணில் புதைக்கிறார்கள். புது ஊருக்கு வந்த சமூகம் உயிரினும் மேலாகக் காக்கும் சடங்கையும், விட்டுக்கொடுக்கும் சடங்கையும் எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. நெருப்பைக் காத்தார்கள். பிணச்சடங்கில் ஊருக்கு இசைந்தார்கள். சென்னையில் இன்று அவர்கள் சில நூறு பேர்தான். மெட்ராஸ் சமூகப்பணிக் கல்லூரியை உருவாக்கிய மேரி கிளப்வாலா ஜாதவ் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர்.

ஆர்மீனியர் கதை வேறு. சாலைப் பெயரைத் தவிர ராயபுரத்தில் அவர்கள் தடயம் குறைவு. தெற்கே ஜார்ஜ் டவுனில், ஆர்மீனியன் தெருவில் 1772-ல் எழுந்த தேவாலயம் இருக்கிறது, வழிபடத்தான் சமூகம் இல்லை. வளாகத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்மீனியரின் கல்லறைகள். மணிக்கோபுரத்தில் ஆறு பெரிய மணிகள். அவற்றில் ஒன்றில் தமிழ் எழுத்துப் பொறித்திருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794-ல் வெளிவந்ததும் மதராஸில்தான். அதை நடத்திய ஷ்மவோனியன் என்ற பாதிரியார் இதே வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார். தாய்நாட்டில் அச்சேறாத மொழி இதழ் நம் கடற்கரையில் அச்சேறியிருக்கிறது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்லவேண்டும்.

இந்தப் பகுதியில் அந்நியப் பழக்கம் ஒன்று நம் வீட்டுப் பழக்கமாக மாறியதை நாக்கால் அறிய வேண்டுமென்றால் பொழுது சாய்ந்தபின் துறைமுகத்துக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் நிற்கும் தள்ளுவண்டிகளுக்குப் போக வேண்டும்.

அத்தோ என்று கேளுங்கள். செம்மஞ்சள் நிற நூடுல்ஸை அள்ளி ஒரு பாத்திரத்தில் போட்டு, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, பூண்டெண்ணெய், மிளகாய்த்தூள், கடலைமாவு, புளித்தண்ணீர், எலுமிச்சை, கொத்தமல்லி எல்லாம் சேர்த்து, தட்டையைப் போன்ற பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கரண்டியால் கிளறினால் அந்த ருசி வராது என்பார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். வேகவைத்த முட்டையைக் கீறி, அதற்குள் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் நிரப்பி ஒரு பிளேட். சூடாகக் கொதிக்கும் மொய்ங்கோ தனி.

ரங்கூனில் மொய்ங்கோ காலைச் சாப்பாடு. மீனைக் கரைத்து, வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கவைத்த குழம்பை அரிசிச் சேமியாவின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். சென்னைக்கு வந்தபோது பெரும்பாலான வண்டிகளில் மீன் போய்விட்டது, வாழைத்தண்டு நின்றது. அங்கே மீன்சாறு கொடுத்த உப்பையும் மணத்தையும் இங்கே புளியும் மிளகாய்த்தூளும் ஈடுசெய்கின்றன. காலைச் சாப்பாடு மாலைத் தீனியாகிவிட்டது. வாடிக்கையாளர் யாரென்று பார்த்துப் பார்த்து மாற்றிய கைப்பக்குவம் இது. சமையல் புத்தகத்தில் எழுதி வைத்துக் காப்பாற்றியது அல்ல.

இந்த வண்டிகளுக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. 1962-ல் பர்மாவில் நெ வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டாண்டுக்குள் வங்கிகளும் ஆலைகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்தவர்கள், வயலில் உழைத்தவர்கள், வட்டிக்குக் கொடுத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வெறுங்கையர் ஆனார்கள். இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். தமிழர்கள் கப்பலேறி மதராஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் இன்னும் பல இடங்களிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. எர்ணாவூர்ப் பக்கம் பர்மா நகர் என்றே ஓர் இடம் உண்டு. ராஜாஜி சாலை நடைபாதையில் பர்மா பஜார் 1969-ல் அமைந்தது. வெளிநாட்டு டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் வாங்க ஊரே அங்கே போன காலத்தில், கடைக்காரர்களின் குடும்பங்கள் பக்கத்திலேயே அடுப்பு பற்றவைத்து ரங்கூன் சாப்பாட்டைச் சமைக்க ஆரம்பித்தன. முதலில் தங்களுக்காக, பிறகு ஊருக்காக.

எல்லோரும் சென்னையோடு நின்றுவிடவில்லை. இங்கே மனம் ஒட்டாத சிலர், பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று வடகிழக்கு எல்லை வரை தரைவழியாகப் போனார்கள். பர்மா அவர்களை ஏற்கவில்லை. அப்படி மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில் தங்கியவர்கள் தமிழ்ச் சங்கம் கண்டார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பினார்கள். மோரேயில் இட்லியும் ராஜாஜி சாலையில் அத்தோவும் ஒரே வரலாற்றின் இரண்டு முனைகள்.

இதையெல்லாம் எழுதும்போது ஏ.கே. செட்டியாரை நினைக்காமல் இருக்க முடியாது. கோட்டையூரில் 1911-ல் பிறந்து, ரங்கூனில் ‘தன வணிகன்’ இதழை நடத்தி, ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய் ஒளிப்படக் கலை படித்து, காந்தியைப் பற்றிய படத்துக்காக உலகெங்கும் அலைந்து 1940-ல் அதை வெளியிட்டவர். பின்னால் ‘குமரி மலர்’ நடத்தினார். பயணம் எழுதும்போது மாளிகைகளையும் கோபுரங்களையும் அவர் சீக்கிரம் கடந்துவிடுவார். ஒரு நாட்டில் மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள், அந்நியன் வழி கேட்டால் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அவருக்கு அக்கறை. பழைய பயணக் குறிப்புகளைத் தேடித் தொகுத்துத் தமிழ்நாட்டைத் தமிழருக்கே காட்டியவரும் அவர்தான். அவர் காட்டிய அந்தப் பார்வையை உள்ளூரிலேயே பழகலாம். கடல் தாண்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

ராயபுரத்திலிருந்து டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், வடக்கே போனால் திருவொற்றியூர். இந்த ஊர் அந்நியரை வரவேற்கக் கற்றது ஆங்கிலேயர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பு. 949-ல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இறந்தான். அவனுடைய நண்பனும் படைத்தலைவனுமான வல்லபன் என்ற கேரளத்தவன், நண்பனோடு சாகாமல் போனோமே என்று மனம் வெறுத்துத் துறவு பூண்டு திருவொற்றியூர் வந்து, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் இங்குள்ள மடத்தின் தலைவரானார். கோயில் கல்வெட்டே இதைச் சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வாணிகம் செய்த குடும்பத்துப் பட்டினத்தார் எல்லாம் துறந்து வந்து சேர்ந்ததும் இந்தக் கடற்கரைதான். சமாதிக் கோயில் கடலோரத்தில் இருக்கிறது. திருவையாற்றுத் தியாகராஜர், வீணை குப்பையரின் அழைப்பில் இங்கே வந்து வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார், தெலுங்கில். தமிழ்த் தாயாரைத் தெலுங்கில் பாடியதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

இந்தக் கோயில் மூலவருக்கு ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த மூன்று நாள் கூட்டத்தில் மணலி ஆலைத் தொழிலாளி நிற்பார், எண்ணூர் மீனவர் நிற்பார், சௌகார்பேட்டை வடநாட்டு வணிகரும் நிற்பார்.

அதே ஊரின் தொழிற்சாலைகளைப் பாருங்கள். மலையாளியான மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தது பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. இங்கிலாந்து மோட்டார் சைக்கிளான என்ஃபீல்டு 1955-ல் இங்கே உருவாக ஆரம்பித்தது. மெட்ரோ ரயிலின் வடமுனையில் விம்கோ நகர் என்று பலகை வைத்திருக்கிறார்களே, அந்த விம்கோ சுவீடன்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி. ஆலைகள் ஆட்களை அழைத்துவந்தன. தெலுங்கு பேசுவோரும் மலையாளிகளும் ஆங்கிலோ இந்தியரும் ஒரே ஷிப்டு சங்குக்கு எழுந்தார்கள். காலனி வாசல்களில் கேரம் போர்டு வந்தது. ஏழைப் பிள்ளைகளின் அந்த விளையாட்டில், புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார்.

இன்றைய அந்நியர்கள் யார்? பிஹார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள். எண்ணூர், மணலி, அத்திப்பட்டு வட்டாரத்தில் கட்டுமானமும் சுமைதூக்கலும் வெல்டிங்கும் பெரும்பாலும் அவர்கள் கையில். ஓர் அறையில் பலர் படுத்து எழுந்து, ரொட்டி சுட்டு, ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். ஒருகாலத்தில் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் நம் பாட்டன்மார் வாழ்ந்த வாழ்க்கை இதே வாழ்க்கைதான். அதை நாம் மறக்கக் கூடாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது எத்தனை தொழிலாளர்கள் பயந்து ரயில் நிலையங்களில் குவிந்தார்கள்! காணொளிகள் பொய் என்று காவல்துறை தெளிவாகச் சொன்னது. பயம் மட்டும் உண்மை. வாடகைக்கு வீடு தர மறுப்பதும், ‘இந்திக்காரன்’ என்று ஒரே பெயரில் எல்லோரையும் அழைப்பதும் அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுகின்றன. இதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

தீபாவளி கழிந்த ஆறாம் நாள் பிஹாரிகள் சத் பூஜை செய்வதைச் சென்னைக் கடற்கரையில் பார்க்கலாம். விரதமிருந்த பெண்கள் முறத்தில் கரும்பும் வாழைத்தாரும் தேக்குவா என்ற இனிப்புப் பலகாரமும் வைத்து, இடுப்பளவு நீரில் நின்று மறையும் சூரியனுக்கும், மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் அர்க்கியம் விடுவார்கள். கரும்பும் சூரியனும் நமக்குப் பொங்கல். மாசிமகத்தன்று காசிமேட்டுக் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் சாமிகளைக் கண்டவர்களுக்கு, தண்ணீரில் நின்று கும்பிடும் அந்தப் பெண்களும் வேற்றாட்களாகத் தெரியமாட்டார்கள். பார்சிகளுக்கும் தண்ணீரைப் போற்றும் ஒரு நாள் உண்டு. மும்பையில் கடலுக்குப் பூவும் தேங்காயும் இடுவார்கள். பர்மாவிலோ சித்திரை பிறக்கும் அதே வாரத்தில் தெருவெல்லாம் தண்ணீர் வாரி ஊற்றிப் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள்.

அந்தத் தண்ணீரின் இன்றைய நிலைதான் வயிற்றைக் கலக்குகிறது. துறைமுகத்துக்குச் சுவர் எழுந்தபின் கடலின் மணலோட்டம் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையையும் தெருக்களையும் இழந்தன. உலகத்தை இங்கே கொண்டுவந்த அதே சுவர் உள்ளூர்க்காரனின் மணலை எடுத்துக்கொண்டது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவு வந்து படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளிலும் அப்பியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். முட்டளவு சேற்றில் நகர்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களின் தொழில் பழவேற்காடு எண்ணூர் நீர்ப்பரப்பில் இன்னும் இருக்கிறது. அந்தக் கைவழக்கம் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது. அயல்நாட்டுப் பழங்குடிகளின் வாழ்க்கையைத் தொலைக்காட்சியில் பார்த்து உருகுகிறவர்கள் முதலில் அத்திப்பட்டு ரயில் ஏறவேண்டும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். அதே வண்டி திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் எல்லாம் போகும். அக்னி ஆலயத்துக்குள் பார்சி அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை, வெளியே நின்று பார்த்துவிட்டு நகருங்கள். காசிமேட்டு மீன் ஏலம் விடியலுக்கு முன்பே சூடுபிடித்துவிடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது போனால் வலை பின்னுகிறவர்களோடு பேச நேரம் கிடைக்கும். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அத்தோ சாப்பிட்டால் வண்டிக்காரரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள், பல பேர் ரங்கூன் தெருப் பெயரோடு பதில் சொல்வார்கள்.

சென்னைப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகிறீர்கள். அதில் ஒரு முறை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கூட்டிக்கொண்டு போங்கள்.